படிக்குக் கேட் போட்டாயிற்று, குழந்தையோடு கிளம்பி வா

அன்பும் பிரியமும் குறையாத தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தானும் இங்கே சுகம். அத்தானின் வலது கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். நீயும் உன் வீட்டம்மாவும் என் மருமகள் குட்டியும் தும்மல்கூட இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் மேலே எழுதுகிறேன். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிக்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் அது நடக்காது, முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

போன மாதம் நீ என்ன சொன்னாய் என்று உனக்கே மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. "அக்கா, அவ தவழ ஆரம்பிச்சுட்டா. உன் வீட்டு ஹால்லேர்ந்து நேரா பதினேழு படி கீழ இறங்குது. நடுவுல ஒரு கதவுகூட கெடையாது. ஒரு வருஷம் போகட்டும், கொஞ்சம் வளந்ததும் கூட்டிட்டு வரோம்" என்றாய். ஒரு வருஷமாம். பிறந்து ஒன்பது மாதமாகிறது, இன்னும் நான் அவளைப் போன் திரையில்தான் பார்த்திருக்கிறேன். அதிலும் பாதி நேரம் உன் காதுதான் தெரிகிறது. அன்றைக்குப் போனை வைத்ததும் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை அப்படியே மெஷினில் விட்டுவிட்டு, இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு நேராகப் படியின் உச்சிக்குப் போய் உட்கார்ந்து அளந்தேன். தையல் அறை வாசலையும் அளந்தேன், ஏனென்றால் அங்கே கத்தரிக்கோல், குண்டூசி, இஸ்திரிப் பெட்டி என்று குழந்தைக்கு ஆகாத சாமான் எல்லாம் இருக்கிறது. அளவை நோட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போய் குழந்தையைத் தடுக்கிற கேட் இரண்டு வாங்கி, இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து வைத்துப் பார்த்தால், இரண்டுமே வாசலுக்குள் நுழையவில்லை. ஏன் என்று அத்தான்தான் கண்டுபிடித்தார். இருபத்திரண்டு வருஷமாக ரவிக்கை தைக்கிற கை இல்லையா, போட்டால் இறுக்கக் கூடாதே என்று எல்லா அளவிலும் இரண்டு விரல் கூட்டி எழுதியிருக்கிறேன். "செவுரு மூச்சு விடறதுக்கு எடம் விட்டிருக்கியா?" என்று கேட்டார்.

மறுநாள் மாற்றப் போனேன். குழந்தைச் சாமான் கடையில் ஒரு விற்பனைப் பெண் இருக்கிறாள், ரொம்பப் பொறுமைசாலி, கடவுள் அவளை நன்றாக வைத்திருக்கட்டும். "ரெண்டும் எந்த எடத்துக்கும்மா?" என்று கேட்டாள். ஒன்று அறை வாசலுக்கு, ஒன்று மாடிப்படியின் உச்சிக்கு என்றேன். "படிக்கு மேல இது ஆகாதும்மா. இது ரெண்டு பக்கச் செவுத்தையும் அழுத்திக்கிட்டு நிக்கற மாடல். தள்ளுனா நகரும். அங்க செவுத்துல ஓட்டை போட்டு ஸ்க்ரூ முடுக்கறதுதான் வெக்கணும்" என்றாள். எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கீழே குடியிருக்கிற வீட்டுச் சொந்தக்காரரை உனக்குத் தெரியும், சுவரில் ஒரு காலண்டர் ஆணி அடித்ததற்கு மூன்று மாதம் என் முகத்தைப் பார்க்காதவர். ஓட்டை என்று வாயைத் திறந்தால் வீட்டையே காலி செய்யச் சொல்வார். அதனால் நன்றாக முறுக்கிவிட்டால் நிற்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சரியான அளவில் அதே மாடலில் இரண்டு வாங்கி வந்துவிட்டேன். என் பிடிவாதம் உனக்குப் புதிதா என்ன.

கேட்டோடு ஒரு தாள் கொடுத்தார்கள். எழுத்தே கிடையாது, முழுக்கப் படம். அத்தான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர் என்றுதான் பெயர், அந்தப் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் ஆராய்ச்சி செய்தார். கேட்டை நிறுத்தினால் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி, தாழ்ப்பாள் எட்டவே இல்லை. கோணலான சரக்கைத் தலையில் கட்டிவிட்டாள் என்று கொதித்துப் போய், மறுபடி பஸ் ஏறி, மறுபடி அதே பெண். அவள் கேட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "கோணல் இல்லம்மா. நாலு மூலையிலயும் முறுக்க முறுக்கத் தானா சேந்துக்கும். எல்லாரும் ஒரு தடவை கொண்டு வருவாங்க" என்றாள். அந்தக் கேட் இதுவரை பஸ்ஸில் போய் வந்த தூரத்துக்கு உன் வீட்டுக்கே வந்திருக்கும்.

சரி, முறுக்கினோம், சேர்ந்தது. இப்போது சோதித்துப் பார்க்க வேண்டுமே. உன் வீட்டம்மாவுக்குப் போன் செய்து குழந்தை என்ன எடை என்று கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா என்று அவளைக் கேள். எட்டரைக் கிலோ என்றாள். தையலில் மிச்சமான துணி வெட்டுகளை எல்லாம் அடைத்து ஒரு பொம்மை தைத்தேன். எடை வரவில்லை. வயிற்றுக்குள் பழைய இஸ்திரிப் பெட்டி இரண்டை வைத்துத் தைத்தேன், தராசில் எட்டரைக் கிலோ அச்சாக நின்றது. வெறும் துணி மூட்டையாக இருந்தால் எனக்கு மனசு ஒட்டாது என்று, என் மருமகளுக்காகத் தைத்து வைத்திருந்த ரோஸ் கவுனையும் குல்லாவையும் மாட்டினேன். பார்க்க அத்தனை அழகு. அதைப் படிக் கேட்டில் சாய்த்து மண்டி போட வைத்து, குழந்தை பிடித்துக்கொண்டு எழுந்து நிற்குமே, அந்த மாதிரி பின்னாலிருந்து தள்ளினேன். முதல் தள்ளலுக்கு அசையவில்லை. இரண்டாவதற்கும் அசையவில்லை. சந்தோஷம் தாங்காமல் மூன்றாவது முறை கொஞ்சம் ஓங்கியே தள்ளிவிட்டேன். கேட் மொத்தமாகப் பெயர்ந்து, அதன்மேல் பொம்மை குப்புறப் படுத்து, இரண்டும் சேர்ந்து தடதடவென்று படியில் சறுக்கிக்கொண்டு இறங்க, இங்கே மேலே என்ன சத்தம் என்று கேட்பதற்காக ஏறி வந்துகொண்டிருந்த வீட்டுக்காரர் எதிரே நின்றார். ரோஸ் கவுனைப் பார்த்தவர் கைத்தடியை வீசிவிட்டு இரண்டு கையையும் விரித்தார். அந்த வயதில் அந்த வேகத்தை நான் யாரிடமும் பார்த்ததில்லை. கேட் அவர் காலைத் தாண்டிக் கீழே போனது, குழந்தையை மட்டும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஆறாவது படியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப் போய் நின்றேன். அவர் குனிந்து பார்க்கப் பயந்து, கண்ணை மூடிக்கொண்டு, "அம்மா, குழந்த அழலியே" என்றார்.

"அது அழாதுங்க" என்றேன். "உள்ள இஸ்திரிப் பெட்டி இருக்கு."

தண்ணீர் கொடுத்து, விசிறிவிட்டு, விஷயத்தை எல்லாம் சொன்னேன். அவர் பொம்மையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. அப்புறம் மெதுவாக, "உண்மையான குழந்தையா இருந்தா?" என்று என்னைக் கேட்டார். தம்பி, அதுவரைக்கும் எனக்கு எல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டதும் நானும் பக்கத்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஆணிக்குப் பயந்துகொண்டு எதைப் பணயம் வைக்க இருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. அவரே சொன்னார்: "நாலு ஓட்டை இல்ல, நாப்பது ஓட்டை போடுங்க. ஆளை நானே கூட்டிட்டு வரேன்."

மறுநாள் காலையில் தச்சரோடு வந்து நின்றார். நான் போய் ஸ்க்ரூ முடுக்குகிற கேட்டை வாங்கி வந்தேன், அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தே எடுத்துக் கொடுத்துவிட்டாள். படியிலிருந்து கழன்று விழுந்ததைச் சமையலறை வாசலுக்கு மாற்றியாயிற்று, அதற்கு அங்கே ஒரு குறையும் இல்லை. தச்சர் ஒரு பக்கம் சுவரில் டிரில் போட்டார். மறு பக்கம் கைப்பிடிக் கம்பம், அது உருண்டை. "உருண்டைல கீல் நிக்காதும்மா, ஒரு கட்டையை வெச்சு பட்டை போட்டுக் கட்டித்தான் அடிக்கணும்" என்று அதற்கு ஒரு நாள். எல்லாம் மாட்டி முடித்துக் கதவைத் திறந்தால் அது படிப் பக்கமாகத் திறந்தது. வீட்டுக்காரர்தான் பிடித்தார். "தெறந்துகிட்டே நாமளும் சேந்து போறதுக்கா? கழட்டுங்க, உள் பக்கமாத் தெறக்கணும்" என்றார். தச்சர் முணுமுணுத்துக்கொண்டே கழற்றி மாட்டினார். இப்போது தினமும் காலையில் வீட்டுக்காரர் மேலே வந்து கேட்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். நான் காபி போட்டு வைத்துவிடுகிறேன்.

இனி அத்தானின் விரல். இந்தக் கேட்டைத் திறக்கக் கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்தி, அழுத்தினபடியே கதவைத் தூக்கி, அப்புறம் இழுக்க வேண்டும். குழந்தைக்கு வராது. அத்தானுக்கும் வரவில்லை. அழுத்தினால் தூக்க மறக்கிறார், தூக்கினால் அழுத்தினதை விட்டுவிடுகிறார். தாண்டிப் போகப் பார்த்தார், நான் விடவில்லை. "குழந்த பாத்தா அதுவும் தாண்டக் கத்துக்கும்" என்றேன். "குழந்தைதான் இங்க இல்லியே" என்றார். "இப்பவே பழகிக்கணும்" என்றேன். போன செவ்வாய்க்கிழமை தலைவலி என்று மத்தியானமே வீட்டுக்கு வந்திருக்கிறார், நான் துணி கொடுக்க வெளியே போயிருந்தேன். திரும்பி வந்தால் கேட்டுக்கு வெளியே மேல்படியில் உட்கார்ந்து, சட்டைப் பையில் வைத்திருந்த புதுக் கேட்டின் படத் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ன பண்றீங்க என்றேன். "இதுல கேட்டைத் தெறக்கறவன் சிரிச்சுக்கிட்டே தெறக்கறான். எப்படிச் சிரிக்கறான்னு பாத்துட்டிருக்கேன்" என்றார்.

ஆக, தம்பி, எல்லாம் தயார். படியின் உச்சியில் ஒன்று, தையல் அறைக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று. மூன்றையும் பொம்மையால் நாற்பது தடவை மோதிப் பார்த்துவிட்டேன், மயிரிழை அசையவில்லை. கம்பிக்கு நடுவே குழந்தை தலை நுழையாது என்று என் கையை விட்டுப் பார்த்துவிட்டேன். இனி நீ படியைக் காரணம் சொல்ல முடியாது. வேறு காரணம் இருந்தால் அதையும் எழுது, அதற்கும் ஒரு கேட் போட்டுவிடுகிறேன். வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்: படி ஒரு சாக்குதானோ, அக்கா வீட்டுக்கு வர மனசில்லையோ என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூத்தவள் வீட்டுக்குத் தம்பிதான் முதலில் பிள்ளையைக் கொண்டு வர வேண்டும் என்ற வீம்பும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமையே கிளம்பி வா.

என் மருமகளின் இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் என் முத்தத்தை நீயே வைத்துவிடு, ஏமாற்றாதே. உன் வீட்டம்மாவுக்கு என் அன்பு, அவள் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று சொன்னதாகச் சொல். அத்தான் எல்லோரையும் விசாரிக்கிறார், இடது கையால். நீங்கள் மூவரும் நோய் நொடி அண்டாமல், பல்லாண்டு தழைத்து வாழ வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிற,

உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அத்தான் வந்து மேஜைமேல் உங்கள் ஊருக்கு இரண்டு டிக்கெட்டை வைத்தார். என்ன இது என்றேன். "மூணு வாரமா கேட்டையேதான் பாத்துக்கிட்டிருக்கோம். குழந்தைய எப்பப் பாக்கறது? நாளைக்குக் காலைல நாம போறோம்" என்றார். உன் வீடு தரை மட்டம், ஒரு படிகூடக் கிடையாது என்பது இத்தனை நாளில் எனக்கு ஒரு தடவையாவது தோன்றியதா பார். வீம்பு என்று எழுதினேனே, அதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். சமையலறைக் கேட்டைப் பத்து நிமிஷத்தில் கழற்றிக் கட்டிவிட்டேன், உன் வீட்டுச் சமையலறை வாசலுக்கு ஆகும், ஓட்டை வேண்டாம். இந்தக் கடிதத்தையும் தபாலில் போடவில்லை, கையிலேயே கொண்டு வந்திருக்கிறேன். நீ இதைப் படிக்கிற நேரத்தில் என் மருமகள் என் மடியில் இருப்பாள். மெதுவாகவே படி, ஒரு அவசரமும் இல்லை.