வரியைத் தேடிய குரங்கும் புள்ளியை மறைத்த மானும்

செல்போன் டவர் முளைத்த பிறகும் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காத ஒரு காட்டில், புள்ளிமான் மந்தை ஒன்று இருந்தது. மந்தைக்குத் தலைவர் கொம்பையா. அவர் மனைவி மரகதவல்லி. ஓடைக்கரை நாவல் மரத்தின் உச்சியில் வீரபாகு என்ற குரங்கு காவல் இருந்தது. எது அசைந்தாலும் கத்தும். அதனால் மந்தை நிம்மதியாகத் தண்ணீர் குடித்துவந்தது.

பக்கத்துக் காட்டில் புலி நடமாடுவதாகப் பேச்சு வந்தது. கொம்பையா உடனே ஒரு புலிப் படத்தைக் குரங்கின் செல்போனுக்கு அனுப்பினார்.

“நல்லா பார்த்து மனசுல ஏத்திக்க. மஞ்சள் உடம்பு, கறுப்பு வரி. இதைத்தான் தேடணும்.”

“சரிங்க தலைவரே.”

வீரபாகு படத்தைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தது. அதன் பிறகு காடே வரிவரியாகத் தெரிந்தது. மூங்கில் நிழலைப் பார்த்துக் கத்தியது. காய்ந்த கோரைப்புல்லைப் பார்த்துக் கத்தியது. கடைசியில் ஓர் அணிலைப் பிடித்து விசாரித்தது.

“முதுகுல என்னய்யா வரி?”

“பிறந்ததுலேருந்தே இருக்குங்க.”

“புலியும் அப்படித்தான் சொல்லும்.”

விசாரணை நடக்கும்போதே மரத்தடியில் ஒரு சிறுத்தை வந்து நின்றது.

“என்ன தேடுறீங்க?” என்று கேட்டது.

“வரி.”

“எனக்குப் புள்ளிதான் இருக்கு.”

“அப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மறைக்குது.”

சிறுத்தை மரியாதையாகத் தள்ளிப் போனது. போன இடத்தில் மந்தையின் பொருளாளர் பரமசிவம் மேய்ந்துகொண்டிருந்தார்.

இரங்கல் கூட்டத்தில் கொம்பையா, புலியால் ஓர் உயிர்கூடப் போகவில்லை என்று குரங்கைப் பாராட்டினார். பிறகு படத்தை மாற்றினார். இந்தத் தடவை சிறுத்தைப் படம். மந்தைக்கும் அனுப்பிவைத்தார். “மஞ்சள் உடம்பு, புள்ளி. எல்லாரும் கவனமா இருங்க.”

மறுநாள் வீரபாகு குனிந்து பார்த்தது. மந்தை முழுக்கப் புள்ளி. தொண்டை கிழியக் கத்தியது. மான்கள் நிமிர்ந்து ஒன்றையொன்று பார்த்தன. அடுத்த கணம் ஆளுக்கொரு திசையில் ஓடின. தனியாக ஓடிய மானைப் பிடிக்கச் சிறுத்தைக்கு மூச்சுகூட வாங்கவில்லை. அதன் பிறகு தினமும் இதே கதைதான்.

மரகதவல்லி பொறுக்க முடியாமல் கணவரிடம் சொன்னாள்: “அந்தப் படத்தை அழிக்கச் சொல்லுங்க. முன்னாடி அது எல்லாத்தையும் பார்த்துச்சு. இப்ப படத்துல உள்ளதை மட்டும்தான் பார்க்குது.”

“பாதுகாப்பைப் பத்தி உனக்கென்ன தெரியும்? முதல்ல தள்ளி நின்னு பேசு. உன் புள்ளியைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு.”

அவளுக்குச் சுருக்கென்றது. நேராகக் காட்டுப்பன்றிகள் புரளும் சேற்றுக்குழிக்குப் போனாள். நன்றாகப் புரண்டு எழுந்தாள். ஒரு புள்ளி மிச்சமில்லை.

நாவல் மரத்தைக் கடக்கும்போது, “பன்னியா? போ, போ” என்றது வீரபாகு.

திருப்பத்தில் சிறுத்தையே எதிரே வந்தது. மரகதவல்லி ஓடத் திரும்பினாள். ஆனால் புள்ளியாகவே தின்று பழகிய சிறுத்தை, புள்ளியைத்தான் தேடிக்கொண்டு வந்தது.

“இந்தப் பக்கம் புள்ளியா ஏதாவது போச்சா?”

அவள் எதிர்த்திசையை முகத்தால் காட்டினாள். சிறுத்தை நன்றி சொல்லிவிட்டுப் போனது.

சற்று நேரத்தில் கொம்பையா மூச்சிரைக்க ஓடிவந்தார். கண் கலங்கியிருந்தது.

“அம்மா, என் வீட்டுக்காரியைக் காணோம். பார்த்தீங்களா? உடம்பெல்லாம் புள்ளியா இருப்பா.”

அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ‘நான்தாங்க’ என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர், “கொஞ்சம் வாயாடுவா” என்று இன்னோர் அடையாளம் சேர்த்தார்.

“பார்க்கலையே” என்று சொல்லிவிட்டு, அவள் ஓடையைத் தாண்டி நல்ல புல் இருக்கும் பக்கமாக நடந்தாள்.

நீதி: உங்களைத் தேடுகிறவர்களிடம் உங்கள் பழைய படமே இருக்கட்டும், புதுப்பிக்கச் சொல்லித் தொந்தரவு செய்யாதீர்கள்.