வாபஸ் அண்ணை திருப்பிக் கேட்காத வீடு

வாபஸ் அண்ணை கொடுத்த பொருளை ஒரு மாசத்துக்கு மேல் வைத்திருந்தவர் கொழும்பு வெள்ளவத்தையில் எவருமில்லை. எனக்கு எதிர்வீடு. என் கலியாணத்துக்குத் தந்த ஃபேனை, புழுக்கம் தொடங்கியதும் அவரே ஏணியோடு வந்து கழற்றிக்கொண்டு போனார். "குறை நினையாதையும் தம்பி, வெக்கையைப் பாரும்!" கோயிலுக்குக் கொடுத்த குத்துவிளக்கைக் கேட்கப் போனபோது ஐயர் மடைப்பள்ளிக்குள் ஒளிந்துகொண்டாராம்.

அந்த மனிதரின் ஒரே கவலை மகள் கௌரி. வயது முப்பது. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைவு. யார் சிரித்துக் கேட்டாலும் கையிலிருப்பதைக் கொடுத்துவிடுவாள். தாயும் இல்லை. தனக்குப் பிறகு அவள் தெருவில் நின்றுவிடக்கூடாதே என்று, தன் வீட்டையும் வாடகைக்கு விட்டிருந்த கடையையும் அவளுக்கு எழுதிவைக்க, பாமன்கடையிலிருந்த ஒரு லோயர் அம்மாவிடம் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"பிள்ளையின்ர பேரில எழுதினா ஆரும் ஏமாத்திப் பறிச்சிடுவினம்," என்றார் லோயர். "ட்ரஸ்ட் எழுதுவம், ஐயா. வீடும் கடையும் பொறுப்பாளர் கையில. கௌரி வீட்டில இருக்கலாம், கடை வாடகை அவவின்ர செலவுக்கு. ஆனா எழுதினா எழுதினதுதான். நீங்களே கேட்டாலும் திரும்பி வராது."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணைக்கு ஏ.சி. அறையில் வியர்த்துக் கொட்டியது.

"கொஞ்சமும் ஏலாதோ, பிள்ளை?" என்று லோயரைக் கேட்டார்.

"திருப்பி எடுக்கிற மாதிரியும் எழுதலாம். உங்கட விருப்பம்."

அண்ணை அதைத்தான் பிடிப்பார் என்று நினைத்தேன். அவரோ தலையைச் சொறிந்தார். "கனடாவில இருக்கிற என்ர தம்பி போனில அழுதானெண்டா நான் எடுத்துக் குடுத்துப்போடுவன். எனக்கு என்னைத் தெரியும். என்னை வெளியில விட்டுட்டுப் பூட்டுங்கோ!"

கையெழுத்து வைத்தார். என்னைப் பொறுப்பாளர் ஆக்கினார். அடுத்த நாள் காலையிலேயே மறுபடி லோயரிடம் கிளம்பினார். ஐயோ, குணம் மாறவில்லையே என்று பின்னால் ஓடினேன்.

"திருப்பித் தாங்கோ."

"ஏலாது, ஐயா."

"காலில விழுந்தா?"

"விழுந்தாலும் ஏலாது!"

"அப்ப சரி," என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். பூட்டை இழுத்துப் பார்க்கத்தான் வந்திருக்கிறார், மனுசன்!

அண்ணை காலமாகிவிட்டார். கௌரி, பார்த்துக்கொள்ள ஒரு அக்காவோடு, அதே வீட்டில் சுகமாக இருக்கிறாள். போன கிழமை கனடாத் தம்பியார் வந்து, வீட்டை விற்கும் கதையை மெல்ல எடுத்தார். கௌரி தேத்தண்ணியை நீட்டி, "ஆறுதலா இருந்து குடியுங்கோ சித்தப்பா, இது என்ர வீடு," என்றாள்.

அதைக் கேட்க அண்ணை இல்லையே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.