மச்சாளின் படத்துக்கு ஒரு கொழுக்கி

கோப்பாய்,
ஞாயிறு மத்தியானம்.

பேரன்புக்குரிய பெரியண்ணைக்கு, தம்பி கேதீஸ்வரன் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நானும் என் மனைவி உதயகலாவும் வாழைகளும் சுகம். உங்கள் முழங்கால் நோவு தணிந்து, வவுனியா வீட்டை ஒப்படைத்துவிட்டு எங்களோடேயே இருக்க நல்லபடி வந்துசேர நல்லூரான் துணை நிற்பானாக.

போனில் சொல்ல வெட்கமாக இருப்பதால் எழுதுகிறேன். உங்களுக்காகப் பெரிய அறையை ஜிப்சம் போர்ட்டால் இரண்டாகப் பிரித்தோம் அல்லவா? முகிலில் ஒரு துண்டை வெட்டி நிறுத்தியது போல வெள்ளையாக நிற்கிறது. தட்டினால் உள்ளே வெறும் காற்று. மத்தியானத்தில் காதை வைத்துச் சாய்ந்தால் எங்கேயோ தூரத்தில் மயிலிட்டிக் கடல் மூச்சு விடுகிறது. அப்படியே நித்திரையாகிப் போவதால்தான் வேலை பிந்தியது.

நீங்கள் முன்கூட்டியே பஸ்ஸில் அனுப்பிய ஜெயகௌரி மச்சாளின் படம் கிடைத்தது. நீங்கள் அறைக் கதவைத் திறந்ததும் மச்சாளின் முகம் சுவரில் தெரிய வேண்டும், மனைவியை இழந்து தனியாக வந்தோம் என்று நீங்கள் நினைக்கக் கூடாது என்று எனக்கு ஒரே ஆசை. ஆணி அடித்தேன். தயிருக்குள் கரண்டி போவது போலப் போனது. படத்தைக் கொழுவிவிட்டுத் தேத்தண்ணி குடித்துத் திரும்பினால், மச்சாள் உங்கள் தலையணையில் சிரித்தபடி கிடக்கிறார். நல்ல காலம், கண்ணாடிக்கு ஒன்றுமில்லை. பிறகு கல்லுச் சுவருக்குப் போடும் பிளாஸ்ரிக் பிளக்கை வைத்து முறுக்கினேன். திருகாணியும் பிளக்கும் சேர்ந்து சுற்றினவே தவிர இறுகவில்லை. மாவாகக் கொட்டிய தூளோடு நான் நிற்க, உதயகலா எட்டிப் பார்த்தாள்.

"விபூதி பூசிறதெண்டால் நெத்தியில பூசுங்கோ. தலை முழுக்க ஏன்?"

ரோசத்தில், சுவருக்குள் போய் வண்ணாத்திப்பூச்சி போலச் சிறகு விரிக்கும் பெரிய போல்ட் ஒன்று வாங்கி வந்தேன். அதற்குத் துளைத்த ஓட்டையில் என் பெருவிரல் போகும். சிறகு கழன்று சுவருக்குள் விழுந்துவிட்டது. கதவைச் சாத்தும்போது 'கிணிங்' என்று ஒரு சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம்.

கடைசியில் படத்தையே பையில் போட்டுக்கொண்டு அச்சுவேலிக்குப் போனேன். ஹாட்வெயார் கடையில் வசந்தினி என்ற பிள்ளை நின்றாள்.

"ஐயா, என்ன கொழுவப் போறியள்?"

"என்ரை மச்சாளை."

பிள்ளை கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள். படத்தைக் காட்டிய பிறகுதான் மூச்சு விட்டாள்.

"எவ்வளவு பாரம்? அதைப் பாத்துத்தான் குடுக்க வேணும்."

பக்கத்து மரக்கறிக் கடைத் தராசில் வைத்தேன். "ஒரு கிலோவும் வராது," என்றார் கடைக்காரர். எனக்கும் பிள்ளைகளுக்கும் வருசக்கணக்காகச் சமைத்துப் போட்ட மனுசி, அண்ணை. தக்காளிக் கூடைக்குப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. வாங்க வந்தவர்கள் என்னைச் சுற்றிப் போனார்கள்.

வசந்தினி, தடித்த புரி போட்ட ஒரு பிளக்கைத் தந்தாள். "இது போர்ட்டையே கடிச்சுக்கொண்டு நிக்கும். இந்தப் பாரத்துக்கு இது காணும்."

நின்றது. மெதுவாகத் திருகினேன், பிறகு அதில் கொழுக்கியை முறுக்கினேன், படத்தைக் கொழுவினேன். ஃபான் காற்றுக்கும் அசையவில்லை. பின்னேர வெயில் படும்போது மச்சாள் சுவரில் இல்லாமல் காற்றில் இருப்பது போலத் தெரிகிறது. இனி நீங்கள் வந்தால் போதும்.

உங்கள் காலடியை நினைத்து வணங்கும்,
தம்பி கேதீஸ்.

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும் நேரம் நீங்கள் போன் எடுத்திருக்கிறீர்கள். கதைத்து முடித்த உதயகலா வந்து சொல்கிறாள்: "படத்தைச் சுவரில கொழுவ வேண்டாமாம். கட்டிலுக்குப் பக்கத்தில வைக்கட்டாம். படுத்துக்கொண்டு அவவோட கதைக்க வேணுமாம்." மச்சாளை இறக்கி முக்காலியில் வைத்துவிட்டேன். கொழுக்கியைக் கழற்றப் பார்த்தேன், வருவதாக இல்லை. வரும்போது, அதில் கொழுவப் பாரமில்லாத ஏதாவது ஒன்று கொண்டு வாருங்கள்.