அரெட்டே கழகத்தின் கயிறு

உலக வரலாற்றில் சிறப்பு இருமுறை தோன்றியது. முதலில் பண்டைய கிரேக்கத்தில்; அடுத்து 1984-இல், ஈப்போவில், காப்புறுதி முகவர் ஜெயபாலனின் வரவேற்பறையில். கோலாலம்பூரில் இரண்டு நாள் பயிற்சி முடித்து வந்த அவர், கிரேக்கர்கள் சிறப்பை 'அரெட்டே' என்பார்கள், அகராதியில் அதே சொல்லுக்குக் கூர்மையான மலைமுகடு என்றும் பொருள் உண்டு என அறிவித்தார். அன்றே 'அரெட்டே சிறப்புக் கழகம்' பிறந்தது. உறுப்பினர் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் பதவி.

சிறப்பை நிரூபிக்க முகடு வேண்டுமே! செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் கிடைத்தது. அதன் உச்சியில் ஒரு ஊற்று. வாரம் இருமுறை தோட்டத் தொழிலாளி பத்துமலை அங்கே ஏறி, குழாய் வாயை அடைக்கும் இலைகளை அள்ளிப் போடுவான். இல்லாவிட்டால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் வராது. பதினோரு வருடம் ஏறியும் அவனுக்குச் சிறப்பு எதுவும் உண்டானதாகத் தெரியவில்லை. போன மழையில் வழுக்கி முழங்கால் பிசகியதுதான் மிச்சம்.

"ஐயா, புடிச்சுக்க ஒரு கயிறு கட்டிக் குடுங்க" என்று, வேலைச் சீட்டு எழுதும் தோட்டத்துக் கிராணி சதாசிவத்திடம் மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் கிராணி அதைக் 'கவனத்தில் எடுத்துக்கொண்டார்'.

"நீ விழுந்து செத்தாத்தான் மாலையோட வருவானுங்க" என்று மனைவி இருளாயி கத்தினாள். பயத்தில்தான் கத்தினாள்.

கழகம் வேனில் வந்து இறங்கியது. பேனர், ஒலிபெருக்கி, எட்டுப் பொன்னாடை, புத்தம் புது நைலான் கயிறு! கழகத்தின் துணைத்தலைவர் வேறு யாருமில்லை, கிராணி சதாசிவம்தான். பத்துமலை வழக்கம்போல் வெறுங்கையால் பற்றி முன்னே ஏறி, மேலே மரத்தில் கயிற்றைக் கட்டிக் கீழே விட்டான். அதைப் பிடித்துக்கொண்டு எட்டுச் சிறப்புகளும் தவழ்ந்து வந்தன.

நிற்க இடமில்லாததால் உட்கார்ந்தபடியே ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். "இந்த முகட்டில் மனிதக் கால் படுவது இதுவே முதல்முறை!" என்று ஜெயபாலன் முழங்கினார். ஒலிபெருக்கியைப் பிடித்திருந்ததால் பத்துமலையால் கைதட்ட முடியவில்லை.

"நாங்க எறங்குனதும் கயிற அவுத்துக்கிட்டு வந்துரு. அடுத்த வாரம் கமுந்திங்ல புரோகிராம் இருக்கு" என்றார் ஜெயபாலன்.

"அவுத்துட்டா நான் எப்படிண்ணே எறங்குறது?"

"எப்பவும் போல எறங்கு லா. ஒனக்குப் பழக்கந்தானே?"

பத்துமலைக்குப் பதினோரு வருடக் கோபமும் அந்தக் கணம் வந்தது. ஒலிபெருக்கியைத் தலைவர் மடியில் வைத்துவிட்டு, கயிற்றைப் பிடித்து முதல் ஆளாகக் கீழே இறங்கினான். "கடைசியா வர்றவங்க அவுத்துக்கிட்டு வாங்கண்ணே!" என்று கீழிருந்து குரல் கொடுத்தான்.

மேலே அவசரக் கூட்டம் கூடியது. கடைசி ஆள் பதவிக்கு எவரும் முன்மொழியப்படவில்லை. ஒரு மணி நேரம் கழித்து எட்டுப் பேரும் கயிற்றைப் பிடித்தே இறங்கினார்கள். கயிறு மரத்திலேயே நின்றுவிட்டது.

தமிழ்ப் பத்திரிகையில், 'தொழிலாளர் நலனுக்குக் கயிறு அன்பளிப்பு' என்று படத்துடன் செய்தி வந்தது. கழகத்தின் தீர்மானப் புத்தகத்திலும் அந்த வரலாறு பதிவானது: 'கயிறில்லாமல் அங்கே மனிதன் இறங்க முடியாது என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.'

கீழே சதாசிவத்தின் அழகான கையெழுத்து. பதினோரு வருடம் பத்துமலையை அங்கே அனுப்பிய வேலைச் சீட்டுகளில் இருந்ததும் அதே கையெழுத்துதான்.