சர்வே எண் 112/3 வழியாக யாளி செல்லும் பாதை

கரியமாணிக்கம்,
நெட்டப்பாக்கம் கொம்யூன்,
புதுச்சேரி.

மிகுபுனைவு எழுத்தாளர் வட்டத்தின் செயலாளர், மதிப்பிற்குரிய புவனேஸ்வரி அக்கா அவர்களுக்கு,

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு, நீலப் பேனாவில் மை தீர்ந்துவிட்டபடியால், மீதிப் பாதையைச் சிவப்பு மையில் வரைவது என்று தீர்மானித்தேன். யாரையும் கலந்து பேசவில்லை. முழுப் பொறுப்பும் என்னுடையது. இந்தக் கடிதம் அந்தத் தீர்மானத்தைப் பற்றியதுதான் என்றாலும், முறை என்று ஒன்று இருப்பதால் முதலில் நலம் விசாரித்துவிடுகிறேன். தாங்களும் வட்டத்தின் மற்ற முப்பது உறுப்பினர்களும் நலமாக இருப்பீர்கள். இன்று காலை, சேரக் காத்திருப்பவர்களும் உள்ள வட்டத்தின் வாட்ஸப் குழுவில் அனைவரும் ரோஜாப்பூ அனுப்பியிருந்ததை வைத்துச் சொல்கிறேன். நான் இங்கே நலமில்லை என்று சொல்ல முடியாது.

வட்டத்தில் சேர விரும்புகிறவர் தன்னைத் தானே அறிமுகம் செய்து கையால் எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும், அது கூட்டத்தில் உரக்க வாசிக்கப்படும், கூடவே நாவலின் முதல் மூன்று அத்தியாயங்களும், அவற்றைப் படித்த, குடும்பத்தைச் சேராத ஒரு வாசகரின் பெயரும் வேண்டும் என்று விதி இருக்கிறது. அதன்படி: என் பெயர் இளவரசி. வயது இருபத்து நான்கு. இந்தப் பெயரை வைத்துக்கொண்டு இளவரசியைப் பற்றி எழுதினால் சுயசரிதை என்பார்கள் என்று பயந்து, என் நாவலில் அரச குடும்பத்தையே வைக்கவில்லை. வேலை, கணினி மையம் ஒன்றில் பட்டா மாற்றத்துக்கும் வருமானச் சான்றிதழுக்கும் விண்ணப்பம் தட்டச்சு செய்வது. என் நடையில் ‘மேற்படி’ என்ற சொல் அடிக்கடி வருவது அதனால்தான். முதல் அத்தியாயத்தில் சூனியக்காரி ‘மேற்படி பெண்ணை’ச் சபிக்கிறாள். திருத்திப் பார்த்தேன். சாபத்தின் வலு குறைந்துவிட்டது. அப்படியே விட்டிருக்கிறேன்.

கதையும் பெரிதாக ஒன்றுமில்லை. மற்றவர்கள் நாவலில் பனிமலை இருக்கிறது, பேசும் வாள் இருக்கிறது. என் நாவலில் தாழை என்ற பெண், யாளி ஒன்றின் மேல் ஏறிக்கொண்டு வடக்கிலிருந்து தெற்கே போகிறாள். எதற்கு என்றால், ஊர் ஏரிக்கு வரவேண்டிய தண்ணீரை ஓர் அரக்கன் பூட்டி வைத்திருக்கிறான், அதைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்பதற்கு. கேட்பதற்குத்தான், சண்டை போடுவதற்குக்கூட அல்ல. இதன் வரைபடத்தை முன்பு குழுவில் போட்டபோது, ஏழு பாகம் எழுதிய முத்துக்குமரன் அண்ணன், ஒரு நாட்டுக்குள் இன்னொரு நாடும் அதற்குள் மறுபடியும் முதல் நாட்டின் துண்டும் இருப்பது எந்த உலகத்திலும் நடக்காது, நம்பகத்தன்மை இல்லை என்று எழுதியிருந்தார். நியாயமான விமர்சனம். ஏற்றுக்கொண்டேன். எங்கள் ஊரிலிருந்து பேருந்து பிடித்து எங்கே போனாலும் தமிழ்நாடு வரும், போகும், மறுபடி வரும். தார் நிறம் மாறுவதையும் சாராயக் கடை முளைப்பதையும் வைத்துத்தான் எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வோம். பத்து வயதுவரை எல்லா நாடுகளும் இப்படித்தான் சிதறிக் கிடக்கும் என்று நினைத்திருந்தேன். பள்ளியில் உலக வரைபடத்தைப் பார்த்தபோது, அச்சுப் பிழை என்றே எண்ணினேன்.

நம்பகத்தன்மை இல்லை என்ற சொல் மனதில் தங்கிவிட்டதால் வரைபடத்தைப் புதிதாக, முறைப்படி வரைந்தேன். அளவுகோல் வைத்தேன், வடக்குக் குறி போட்டேன். ஏரியைக் கற்பனை செய்ய வராததால் பாகூர் ஏரியை அப்படியே வைத்துப் பெயரை மட்டும் மாற்றினேன். அங்கங்கே சர்வே எண் இருந்தால் நம்புவார்கள் என்று தோன்றியது. எண்ணையும் சொந்தமாக யோசிக்காமல் அன்று தட்டச்சு செய்த பட்டா விண்ணப்பத்திலிருந்தே எடுத்தேன் என்பதைக் கற்பனை வறட்சிக்குச் சான்றாகக் குறித்துக்கொள்ளவும். அப்போதுதான் நீல மை தீர்ந்தது. வரைந்து முடித்து, நகல் எடுத்து, நகலைப் பையில் வைத்துக்கொண்டு, அசலை ஜெராக்ஸ் மிஷின் மூடிக்குள்ளேயே விட்டுவிட்டேன்.

அடுத்து ஆதார் அட்டை நகல் எடுக்க வந்தவர் அன்புராஜ். எங்கள் தெருக்காரர். எந்தச் செய்தியையும் தன்னோடு வைத்துக்கொள்ளும் பழக்கம் இல்லாதவர். மூடியைத் திறந்தார், சர்வே எண்ணையும் சிவப்புக் கோட்டையும் பார்த்தார், படம் எடுத்தார், ஊர்க் குழுவில் ‘புறவழிச்சாலை பிளான் லீக்’ என்று போட்டார். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் சாலை நாலுவழிச் சாலையாகிவிட்டது. வரைபடத்தில் ‘சாபம் பெற்ற நிலம்’ என்று எழுதியிருந்ததை, கையகப்படுத்தும் நிலம் என்று புரிந்துகொண்டார்கள். அதிகாரிகள் இப்போதெல்லாம் நல்ல தமிழில் எழுதுகிறார்கள் என்று ஒருவர் பாராட்டியும் இருந்தார். நாலு பேர் ஏதோ ஓர் அலுவலகத்தில் போய் விசாரித்தார்களாம். இது எங்கள் பிரிவில் வராது என்று பதில் வந்ததாம். இல்லை என்று சொல்லாததால், ஊர் அதை உறுதிப்படுத்தலாக எடுத்துக்கொண்டது.

சாயங்காலம் என் அம்மா தனக்கொடி போனைப் பார்த்துவிட்டு என் கையெழுத்தை அடையாளம் கண்டுபிடித்தார். “அவ அவ ரீல்ஸ் போடறா. நீ ரோடு போட்டு வெச்சிகீற” என்றார். பிறகு சோறு போட்டார்.

சிவப்புக் கோடு போன சர்வே எண் 112/3, சுப்பராயலு பெரியப்பாவின் கரும்புக் கொல்லை. உறவில்லை. ஊருக்கே அவர் பெரியப்பா. உழுது பார் பிடித்து, நடவுக்குக் கரும்பைக் கரணையாக வெட்ட ஆள் சொல்லி வைத்திருந்தவர், ரோடு வருகிறதென்றால் நட்டு என்ன பயன் என்று ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். நடவுப் பட்டம் தப்பினால் ஒரு வருஷம் போயிற்று. மறுநாள் காலை நானே போய், பெரியப்பா, அது கதை, நான் சும்மா வரைந்தது, ரோடு எதுவும் வரவில்லை என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“ஒவ்வொரு தடவையும் ஆபீஸ்காரன் வந்து இதத்தாம்மா சொல்றான். இன்னும் ஒண்ணும் முடிவாவல, சும்மா வரஞ்சதுன்னு. அப்புறம் கல்லு நடறான். நீயும் அந்த ஆபீஸ் வேலதான பாக்குற” என்றார்.

அக்கா, நான் எழுதியதில் ஒருவர் முழுமையாக நம்பிய முதல் விஷயம் இது. நம்ப வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். பாதையை ஆற்றுப் படுகை வழியாகத் திருப்பிப் புது வரைபடம் போட்டுக் கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்துவிட்டு, “சீல் இல்லியே” என்றார். அதற்குள் லாரி ஓட்டும் ஜெயசீலன் அண்ணன் வீட்டுக்கு வந்து, சிவப்புக் கோட்டை ஏன் தள்ளிப் போட்டாள், தன் வீட்டு வாசலை ஒட்டிக் கொண்டுவந்தால் பஞ்சர் கடை வைக்கத் தோதாக இருக்கும், ஒரு வளைவுதானே என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். மேற்படி அண்ணனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

வேறு வழி தெரியாமல், வட்டத்துக்கு அனுப்பவென்று அச்செடுத்து வைத்திருந்த மூன்று அத்தியாயங்களையும் பெரியப்பாவிடமே கொடுத்துவிட்டேன், படித்தால் ரோடு இல்லை என்று தெரியட்டும் என்று. அவருக்குக் கண் மங்கல். மருமகள் விஜயராணி அக்காதான் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டியிருக்கிறார். இரண்டு நாள் சத்தமில்லை. சனிக்கிழமை பெரியப்பா மையத்துக்கே வந்துவிட்டார். யாளி என்ன தின்னும், கரும்பைத் தொடுமா, அந்தப் பெண் இத்தனை எல்லை தாண்டுகிறதே, ஒருத்தன்கூட வண்டியை நிறுத்தி பாட்டில் இருக்கிறதா என்று பார்க்க மாட்டானா என்று கேட்டார். கடைசிக் கேள்வி என் நாவலின் ஆகப் பெரிய ஓட்டை. முத்துக்குமரன் அண்ணனே கவனிக்கவில்லை. பிறகு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அப்ப நெசமாவே கதைதானா?”

“கதைதான் பெரியப்பா.”

நாற்காலியை என் மேசைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அந்தப் பொண்ணு போய்ச் சேந்துதா? தண்ணி வுட்டானா அவன்?”

இன்னும் எழுதவில்லை என்றேன்.

“எழுதாம இங்க இன்னாத்துக்குக் குந்தினு கீற?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். காகிதத்தைத் திருப்பித் தரவில்லை. கரணை வெட்ட ஆள் சொன்னாரா என்று விசாரித்தேன். சொல்லவில்லையாம்.

ஆகவே என் முடிவைத் தங்கள் முன் வைக்கிறேன். ஒரு நாவல் தன்னைக் கதை என்றுகூட நிரூபித்துக்கொள்ள முடியாவிட்டால் அதை எழுதியவரை எழுத்தாளர் என்று சொல்வது முறையாகாது. வாசகர் பெயர் கேட்ட இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். சுப்பராயலு பெரியப்பாவின் பெயரைப் போட மனம் வரவில்லை. அவர் படித்தது நாவலை அல்ல, நோட்டீஸை. அவர் நடாமல் விட்ட கரும்புக்கு என் கற்பனைதான் காரணம் என்பதால், யாளியைக் கதையிலிருந்து நீக்கிவிட்டேன். தாழை இனி பேருந்தில் போவாள். என் விண்ணப்பத்தை அன்போடு நிராகரித்து, அதைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வட்டத்தார் அனைவருக்கும் என் வணக்கம். முத்துக்குமரன் அண்ணனின் எட்டாம் பாகத்தில் பனி உருகாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். அம்மா தங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்றும் கேட்கச் சொன்னார்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை முன்கூட்டியே பெற்றுக்கொண்ட,
இளவரசி

பி.கு.: உறையை ஒட்டியபின் பிரித்து இதை எழுதுகிறேன். நேற்று மதியம் விஜயராணி அக்கா மையத்துக்கு வந்து, யாளி எத்தனை அடி அகலம் என்று மாமா கேட்டுவரச் சொன்னார் என்றார். எட்டடி என்று சொல்லி அனுப்பினேன். இன்று சாயங்காலம் பேருந்தில் வரும்போது பார்த்தேன். பெரியப்பா கரும்பு நட்டுவிட்டார். கொல்லையின் நடுவே, வடக்கிலிருந்து தெற்காக, எட்டடி விட்டிருக்கிறார்.