கூடவே வரும் புண்ணியம்

ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கிக்கொண்டு வரைவாளர் கீழே எட்டிப் பார்த்தார். நின்றுகொண்டிருந்தார் மனுஷன். தோளில் ஒரு பை. காரின் முன்கண்ணாடியைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார், சொந்த வண்டியைத் துடைப்பதுபோல.

"என்னங்க இது, ஒளிஞ்சு ஒளிஞ்சு பாக்கறீங்க? கீழ்வீட்டு அண்ணா பாவம், எவ்வளவு நேரமா நிக்கறார். கிளம்புங்க" என்றாள் மனைவி.

"இன்னிக்கு ஒரு நாள் இந்த ஆளுக்கு ஜலதோஷம் பிடிக்கக்கூடாதா?"

"வாயைக் கழுவுங்க. அடுத்தவங்களுக்குச் செய்யற நல்லது நமக்கே திரும்பி வரும்."

"வருதே. தினமும் காலையில டாண்ணு வந்து நிக்குதே."

வரைவாளருக்குக் குடிநீர் அலுவலகத்தில் வேலை. எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் ஓடுகிறது என்று படம் வரைய வேண்டும். ஒரே மேசையைச் சுற்றி ஒரு கும்பலாக உட்கார்ந்து வரைவார்கள். ஒருவர் தும்மினால் இன்னொருவர் குழாய் வளைந்துவிடும். வீட்டிலோ மனைவி, இரண்டு பெண்கள், வாயே மூடாத டிவி. குளியலறையில் கொஞ்சம் ராகம் இழுத்தால்கூட வெளியிலிருந்து கதவைத் தட்டுவார்கள். பஸ்ஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அதனால்தான் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி ஒரு பழைய கார் வாங்கினார். சீக்கிரம் போய்ச் சேருவதற்காக இல்லை, தனியாகப் போவதற்காக. கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் அலுவலகம் வரும்வரை அவர் ராஜா. வாய்விட்டுப் பாடுவார். மேலாளரை நினைத்துக்கொண்டு நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்பார். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது கண் தானாக மூடிக்கொள்ளும். ஒரு நொடிதான், உடனே திறந்துவிடுவார். வண்டியில் ஒரு பக்கக் கண்ணாடி காணாமல் போயிருந்ததும், பின்கதவு நசுங்கியிருந்ததும் உண்மைதான். முதலாவது ஒரு கம்பத்தின் தப்பு, இரண்டாவது ஒரு சுவரின் தப்பு. மனைவி ஒரே ஒரு தடவை அவரோடு வந்தாள். இறங்கியதும் ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தனக்குக் கார் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டாள்.

அந்த ராஜ வாழ்க்கை பத்து நாள்கூட நிலைக்கவில்லை.

ஒரு மழை நாள் காலை. "கீழ்வீட்டு அண்ணா நனைஞ்சுக்கிட்டு நிக்கறார், ஏத்திட்டுப் போங்களேன்" என்று மனைவிதான் சொன்னாள். அந்தக் குடியிருப்புக்கு அவர்கள் குடிவந்து அதிக நாள் ஆகவில்லை. கீழ்வீட்டுக்காரரோடு தலையசைக்கிற பழக்கம்தான். சரி, மழைக்கு ஒரு நாள் என்று ஏற்றிக்கொண்டார். இறங்கும்போது அவர் நன்றி சொல்ல, மரியாதைக்கு எல்லோரும் சொல்கிற அந்த வார்த்தையை வரைவாளரும் சொல்லித் தொலைத்தார்.

"இதுல என்ன சார் இருக்கு, எப்ப வேணும்னாலும் வாங்க."

மறுநாள் வெயில் கொளுத்தியது. கீழ்வீட்டுக்காரர் காரருகே நின்றுகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து பாட்டு போயிற்று. சாயங்காலம் தனியாகத் திரும்பினாலும், நாள் பூரா குழாய் வரைந்த களைப்பில் தொண்டை எழும்பாது. கீழ்வீட்டுக்காரருக்குப் பாட்டு பிடிக்காது என்றில்லை, அவருக்கு நேரமில்லை. உட்கார்ந்ததிலிருந்து இறங்கும்வரை வாய் ஓயாது. "தம்பி, முன்னாடி பஸ்." "தம்பி, அந்தம்மா குறுக்க வருவாங்க போலிருக்கு." "சிவப்பு தம்பி, சிவப்பு." நடுநடுவே வலதுகாலால் தரையை ஓங்கி மிதிப்பார், அங்கே ஏதோ பிரேக் இருப்பதுபோல. மூச்சு விட நேரம் கிடைத்தால், தன் மைத்துனியின் மூட்டுவலியைப் பற்றிச் சொல்வார். ஓசியில் வருகிறவர் இப்படி அதிகாரம் பண்ணுவதை நினைத்து வரைவாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்கு எங்கே வேலை என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். "உங்க ஆபீஸ் பக்கம்தான் தம்பி. முன்னாடி சைக்கிள்" என்று பதில் வந்தது.

முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது? வயதில் பெரியவர். வார்த்தையும் கொடுத்தாயிற்று. வரைவாளர் சாமர்த்தியத்தில் இறங்கினார்.

முதலில், அரை மணி முன்னதாகக் கிளம்பிப் பார்த்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். கீழே கீழ்வீட்டுக்காரர் தலைகூடச் சீவாமல் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னிக்குச் சீக்கிரமாமே? உங்க வீட்டுல சொன்னாங்க."

மேலே பால்கனியில் மனைவி கையசைத்தாள்.

"இதுதான் தம்பி நல்ல நேரம். ரோட்ல கூட்டமே இல்ல. இனிமே இப்படியே போவோம்" என்றார் கீழ்வீட்டுக்காரர். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து வாசலில் நிற்கும் வரைவாளரை மேலாளர் கவனித்தார். பொறுப்பான ஆள் என்று மெச்சி, அலுவலகச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டார். இனி கதவைத் திறப்பது அவர் பொறுப்பு. தூக்கமும் போயிற்று.

அடுத்து ஒரு பொய் சொன்னார். ஊரின் மறுகோடியில் இருக்கிற கடைத்தெருவை நினைத்துக்கொண்டு, "சார், எங்க ஆபீஸைக் கடைத்தெருப் பக்கம் மாத்திட்டாங்க. இனிமே உங்களுக்கு வழி ஒத்துவராது. எனக்கு ரொம்ப வருத்தம்" என்றார். வருத்தம் தெரிவதற்காகத் தலையைக்கூடக் குனிந்துகொண்டார்.

கீழ்வீட்டுக்காரர் பையை மறுதோளுக்கு மாற்றினார். வானத்தைப் பார்த்தார்.

"நல்லதாப் போச்சு தம்பி. எனக்கும் இப்ப அந்தப் பக்கம்தான்."

"நேத்து வரைக்கும் இந்தப் பக்கம்னீங்களே?"

"மாத்திட்டாங்க தம்பி."

"யாரு?"

"எல்லாம் மேல இருக்கறவங்கதான். நாம என்ன செய்ய முடியும்?"

ஆக, வரைவாளர் தினமும் தன் அலுவலகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊரின் மறுகோடிக்குக் கார் ஓட்ட வேண்டியதாயிற்று. வீட்டில் மனைவியும் "ஆபீஸ் மாறினதை என்கிட்ட ஏன் சொல்லல?" என்று பிடித்துக்கொள்ள, அவளிடமும் அதே பொய்யைச் சொல்லி வைத்தார். கடைத்தெருவில் கண்ணில் பட்ட ஒரு கட்டடத்தைக் காட்டி, "இதோ, இதுதான் ஆபீஸ்" என்றார். கீழ்வீட்டுக்காரர் இறங்கி நடையைக் கட்டுவார் என்று பார்த்தால், இறங்கி அங்கேயே நின்றார்.

"போங்க தம்பி. நீங்க உள்ள போனதும் நான் போறேன்."

உள்ளே போனால் அது பல் மருத்துவமனை. வரைவாளர் பெஞ்சில் உட்கார்ந்து கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே அந்த மனுஷன் நகர்கிற வழியாகத் தெரியவில்லை. தினமும் இதே கூத்து. அவர் போனதும் காரைத் திருப்பிக்கொண்டு ஓடி, எப்படியோ நேரத்துக்கு அலுவலகக் கதவைத் திறந்துவிடுவார். முதல் சில நாள் செவிலிப்பெண் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பக்கத்தில் வந்து நின்றாள்.

"சார், தினமும் வந்து உக்கார்ந்துட்டுப் போயிடறீங்க. பயப்படாதீங்க. எல்லாருக்கும் இருக்கற பயம்தான்."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள். மருத்துவர் நல்லவர். வாயைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தவர், ஒரு கடைவாய்ப்பல் மேல் சந்தேகப்பட்டார். சண்டை போட வரைவாளருக்குத் தெம்பில்லை. வெளியே வரும்போது பஞ்சைக் கடித்துக்கொண்டு வந்தார்.

இதற்குள் அங்கே குடிநீர் அலுவலகத்தின் வாசலில் மொத்த ஊழியர்களும் மேலாளரோடு வெயிலில் நின்றார்கள். சாவி வரைவாளரின் பையில் இருந்தது.

"என்னய்யா, ஆபீஸ் எங்க இருக்குன்னு மறந்துபோச்சா?" என்றார் மேலாளர்.

வரைவாளரால் பதில் சொல்ல முடியவில்லை. வாயில் பஞ்சு இருந்தது.

"இன்னொரு நாள் லேட்டா வந்தீங்க, புகார்ப் பிரிவுல போட்டுடுவேன். தண்ணி வராத ஊர் ஜனமெல்லாம் அங்கதான் வரும். நாள் பூரா பேசிக்கிட்டே இருக்கலாம்."

வரைவாளர் அவசரமாகப் பூட்டைத் திறந்தார். காருக்குள் கிடைக்கிற அந்த அரை மணி நேரத் தனிமைக்காகத்தான் இத்தனை பாடும். கடைசியில் இருக்கிற கொஞ்ச நஞ்சமும் போய்விடும்போல இருந்தது.

அன்று சாயங்காலமே, கார் கெட்டுப்போய்விட்டது என்று அறிவித்தார்.

"அப்படியா?" என்ற கீழ்வீட்டுக்காரரின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. உடனே சுதாரித்துக்கொண்டு, "அடடா, ரொம்பக் கெட்டுப்போச்சா? சரி பண்ணவே முடியாதா?" என்று கேட்டார். மனைவியும் என்றைக்கும் இல்லாத அன்போடு, "பஸ்ல போறதும் உடம்புக்கு நல்லதுதாங்க" என்றாள். தன் வண்டி கெட்டதில் ஊரே சந்தோஷப்படுவது வரைவாளருக்கு விளங்கவில்லை.

பஸ்ஸில் போனார். ஒருத்தர் முழங்கை விலாவில், இன்னொருத்தர் பை முகத்தில். மூன்று நாள் தாங்கினார். நான்காம் நாள், இனி உயிரே போனாலும் சரி என்று இருட்டு விலகுவதற்கு முன்பே எழுந்து, மனைவிக்குத் தெரியாமல் கீழே வந்தார். சத்தம் கேட்கக்கூடாது என்று எஞ்சினைக் கிளப்பாமல், திறந்த கதவு வழியாக ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி காரைத் தள்ளினார். தெருமுனை வரை தள்ளிவிட்டால் போதும். அதற்கப்புறம் பாட்டுதான்.

வண்டி அசைந்து கொடுக்கவில்லை. மூச்சு முட்டியது. பல் பிடுங்கிய இடம் விண்ணென்று தெறித்தது. திடீரென்று கார் சுலபமாக உருண்டது. வரைவாளர் ஆச்சரியத்தோடு திரும்பிப் பார்த்தார்.

பின்னால் பனியனோடு கீழ்வீட்டுக்காரர் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஸ்டார்ட் ஆகலையா தம்பி? ஒரு குரல் கொடுத்திருக்கலாமே. இருங்க, சட்டையை மாட்டிட்டு வந்துடறேன்."

அன்றும் மறுகோடிக்குப் போனார்கள். அந்நேரத்துக்குப் பல் மருத்துவமனை பூட்டிக் கிடந்தது. செவிலிப்பெண் வந்து திறக்கும்வரை இருவரும் வாசலில் நின்றார்கள். அதுவரைக்கும் மைத்துனியின் மூட்டு. பிறகு காரைத் திருப்பிக்கொண்டு அடித்துப் பிடித்து ஓடியும் பயனில்லை. மேலாளர் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். "நாளையிலேருந்து புகார்ப் பிரிவு" என்றார்.

சாயங்காலம் வீடு திரும்பும்போது வரைவாளருக்குள் இருந்த நல்லவன் செத்துப்போயிருந்தான். போதும். வேலை போயிற்று, பல் போயிற்று, மானம் போயிற்று. இந்தப் புண்ணியம் யாருக்கு வேண்டும்? மாடிப்படி ஏறாமல் நேராகக் கீழ்வீட்டு மணியை அழுத்தினார். கீழ்வீட்டுக்காரரின் மனைவி கதவைத் திறந்தாள்.

"வாங்க தம்பி. அவர் இப்பத்தான் அசந்து படுத்தார். எழுப்பட்டுமா?"

"வேண்டாம்க்கா. உங்ககிட்டயே சொல்லிடறேன்." வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை அவர் ஒப்பிக்கத் தொடங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க. என்னால முடிஞ்ச வரைக்கும் உதவி செஞ்சேன். ஒரு நாளும் முகம் சுளிச்சதில்ல. ஆனா உதவிக்கும் ஒரு அளவு இருக்கில்லையா? நாளையிலேருந்து அவரை என்னால கூட்டிட்டுப் போக முடியாது. நான் தனியாத்தான் போகப்போறேன்."

அவள் கண் கலங்குவாள், கெஞ்சுவாள், இளகிவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அவள் இரண்டு கையையும் கூப்பிவிட்டாள்.

"நிஜமாவா தம்பி? நீங்க நல்லா இருக்கணும்."

வரைவாளருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. இவ்வளவு நாள் செய்த உபகாரத்துக்கு ஒரு வருத்தமாவது பட வேண்டாமா?

"இல்லக்கா, திடீர்னு இப்படிச் சொல்றேனேன்னு எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. அவர் வேலைக்குப் போறதுக்கு வேற ஏதாவது ஏற்பாடு…"

"வேலையா? அவர் ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷமாச்சு தம்பி. 'இவர் தனியா ஓட்டினா உயிரோட வீடு திரும்ப மாட்டார், புண்ணியமாப் போகும், கூடப் போங்கண்ணா'ன்னு உங்க வீட்டம்மா வந்து அழுததுலேருந்து, தினமும் உங்களைக் கொண்டுபோய் விட்டுட்டு ரெண்டு பஸ் மாறி வீட்டுக்கு வர்றார்."