கைகட்டி அண்ணனும் அம்மன் கோயில் மணியும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஐந்து வருடம் யோசித்தேன். எழுதினால் ஒன்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், இல்லையென்றால் அம்மனைப் பார்த்துச் சிரிப்பார்கள். முதலாவது எனக்குப் பழக்கம்தான். இரண்டாவதற்குத்தான் பயந்தேன். போன வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டும்போது பயம் போய்விட்டது. எழுதுகிறேன்.

குதிரையைப் பற்றி நுவரெலியாவில் கைகட்டி அண்ணனுக்குத் தெரியாதது ஒன்றுமே கிடையாது. குதிரைகளே தங்களைப் பற்றிய சில விஷயங்களை அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டன என்பது என் நம்பிக்கை. லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். ஒரு பணக்கார ஐயாவின் லாயத்தில் குதிரைக்காரராக இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன். அவருக்கே அது பிடிக்காது.

நான் ரேஸ் கோர்சுக்குப் பக்கத்தில் தவிடு, கொள்ளு, புண்ணாக்கு விற்கிறவன். எட்டாம் வகுப்போடு சரி. குதிரை ஏலம் நடக்கும் நாட்களில் வாங்குகிறவர்களுக்குத் தீனி விற்கலாம் என்று போய் நிற்பேன். அப்படித்தான் அவரைப் பார்த்தேன். ஏலம் தொடங்குவதற்கு முன்னால் தலைத்துண்டை அவிழ்த்து, கையைப் பின்னால் கொண்டுபோய், பக்கத்தில் நிற்கிறவரிடம் கட்டச் சொல்லுவார். கடைசிக் குதிரை விலைபோகும் வரைக்கும் அவிழ்க்க விட மாட்டார். மழை பெய்தால் மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டும். அதைத் துடைத்து விடுவது நான். தேத்தண்ணி வந்தால் கோப்பையை அவர் வாயில் பிடிப்பதும் நான். அவருக்கு மூன்று சீனி.

ஏன் இந்தக் கோலம் என்று ஒருநாள் கேட்டேன். வாலிப வயதில், தானே வளர்த்த ஒரு குட்டி ஏலத்துக்கு வந்தபோது ஆசை தாங்காமல் கையைத் தூக்கிவிட்டாராம். ஏலத்தில் கை தூக்கினால் வாங்கின மாதிரி. சட்டைப் பையில் இருந்தது பஸ் காசு. அன்றைக்கு வேலையும் போய், கன்னமும் வீங்கியதாம்.

"அன்னையிலருந்து இந்தக் கைய நான் நம்புறதில்ல மொதலாளி. புத்திக்குத் தெரியிறதுக்கு முந்தி இது மேல போயிருது" என்றார்.

கைதான் கட்டியிருக்கும், கண் கட்டியிருக்காது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் பளபளவென்று மின்னிய ஒரு வயதுக் குட்டி ஒன்றைக் காட்டி, இது ஓடுமா என்று கேட்டார். "நல்லா ஓடும் சார். ஆனா லாயத்தப் பாத்துத்தான் ஓடும்" என்றார் அண்ணன். கொழும்புக்காரர் சிரித்துவிட்டு வாங்கினார். முதல் பந்தயத்தில் பாதி தூரம் எல்லாருக்கும் முன்னால் ஓடிய அந்தக் குதிரை, வளைவில் லாயத்தின் கூரையைக் கண்டதும் திரும்பிவிட்டது. மேலே இருந்தவர் என்ன செய்தும் கேட்கவில்லை. நான் பார்த்தேன். லாயத்து வாசலில் வந்து நின்று தண்ணீர் கேட்டது.

இனி தங்கம்மா கதைக்கு வருகிறேன்.

தங்கம்மா அந்த ஐயாவின் பெட்டைக் குதிரை. வம்சச் சீட்டில் ஒரு முழ நீளத்துக்கு இங்கிலீஷ் பெயர் இருந்தது. பாட்டன் பூட்டன் எல்லாம் பந்தயத்தில் ஜெயித்த பரம்பரை. குட்டி எடுப்பதற்கென்றே வைத்திருந்தார்கள். ஆனால் இரண்டு வருடம் சினை பிடிக்கவில்லை. மூன்றாவது தடவையும் மிருக டொக்டர் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்ல, ஐயா அதை ஏலத்துக்கு அனுப்பிவிட்டார்.

அண்ணன் மட்டும் சினை என்று அடித்துச் சொன்னார். மூன்று மாதமாகப் பொலிகுதிரை பக்கத்தில் வந்தாலே காதை மடக்கிக்கொண்டு உதைக்க வருகிறதாம், அதற்கு வேறு அர்த்தமே இல்லையாம். ஐயாவிடம் சொன்னார், வாங்க வந்தவர்களிடமும் ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னார். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர் பேச்சை யார் கேட்பார்கள்?

வாவிக்கரையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றி ஓட்டுகிற ஒருவர் மட்டும் விரலை உயர்த்தினார். அவரிடம் போனால் சீசன் முழுக்கக் காலையிலிருந்து பொழுது சாயும் வரை முதுகில் ஆள் ஏறி இறங்கும். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அது அவர் பிழைப்பு. ஆனால் வயிற்றில் குட்டி இருந்தால் அது தங்காது.

ஏலக்காரர் ஒரு தரம் என்றார். அண்ணனைப் பார்த்தேன். பின்னால் கட்டியிருந்த கைகள் துண்டுக்குள் துடித்துக்கொண்டிருந்தன. இரண்டு தரம் என்றார். அண்ணன் என் காதுப் பக்கம் குனிந்தார்.

"மொதலாளி, அம்மன் கோயில் மணி அடிக்குது."

அவ்வளவுதான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம். கோயில் மணி என்று கேட்டால் நின்ற இடத்தில் கண்ணை மூடி, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிடுவேன். தூக்கினேன்.

கண்ணைத் திறந்தபோது ரேஸ் கோர்ஸ் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சுத்தியல் தட்டியாயிற்று.

"ஒரு கை போதும் மொதலாளி" என்றார் ஏலக்காரர். "ரெண்டு கை தூக்குனாலும் ஒரு குதிரதான் கெடைக்கும்."

ஊரே சிரித்தது. நான் சாமி கும்பிட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் சிரித்தார்கள். கடைக் கூரைக்குப் புதுத் தகரம் போட வைத்திருந்த காசு குதிரையாக மாறி, என் பின்னால் நடந்து வீட்டுக்கு வந்தது.

என் மனைவி வாசலில் நின்று தங்கம்மாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"தவிடு விக்கப் போனவரு, தவிடு திங்கிறத வாங்கிக்கிட்டு வந்திருக்கீங்க."

நடந்ததைச் சொன்னேன்.

"மணி ஒங்களுக்குக் கேட்டிச்சா?"

நான் குதிரையைத் தூணில் கட்டப் போனேன். அவள் மறுபடி கேட்கவில்லை. உள்ளே போய்த் திருநீறு எடுத்து வந்து குதிரையின் நெற்றியில் பூசினாள். தங்கம்மா தும்மியதில் பாதி என் மேல் வந்தது.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் அண்ணன் வந்து இறங்கினார். கையில் ஒரு வாளி, ஒரு உடுப்புப் பொட்டலம். ஐயாவிடம் பார்த்த வேலையை விட்டுவிட்டேன் என்றார். சம்பளம் எவ்வளவு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த மழைக்காலம் முழுக்கக் கடை ஒழுகியது. ஒழுகாத மூலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் தங்கம்மா நின்றது, தவிட்டு மூட்டைகள் நனைந்தன.

தங்கம்மா வீட்டுக்கு வந்து எட்டாவது மாதம், ஒரு விடியற்காலையில் அண்ணன் கதவைத் தட்டினார். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஈரம் காயாத ஆண் குட்டி ஒன்று நாலு காலையும் நாலு திசைக்கு விரித்து, விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, கடைசியில் நின்றேவிட்டது. அண்ணன் வைக்கோல் மேல் உட்கார்ந்து, கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். நாலும் இருந்தது. என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினேன். இந்தத் தடவை யாரும் எனக்கு எதையும் விற்கவில்லை.

டொக்டருக்கு இல்லை என்று பட்டது அண்ணனுக்கு எப்படி உண்டு என்று பட்டது? காதில் எதுவும் விழாமல் என் கை எப்படி மேலே போனது? அவருக்குக் கேட்டது எனக்கு ஏன் கேட்கவில்லை? வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். அன்று அந்த நேரத்தில் மணி அடித்தீர்களா என்று பூசாரியிடம் இன்றுவரை கேட்கவில்லை.

பந்தயக் குதிரையை வளர்த்து ஆளாக்கத் தவிட்டுக் கடையால் முடியாது. ஒன்றரை வயதில் குட்டியை ஏலத்துக்குக் கொண்டுபோனோம். அன்றைக்கு யார் வேண்டுமானாலும் கை தூக்கலாம், எங்கள் இரண்டு பேரைத் தவிர. அண்ணன் தலைத்துண்டை அவிழ்த்து என்னிடம் நீட்டினார்.

"இறுக்கிக் கட்டுங்க மொதலாளி."

கட்டினேன். ஆனால் இறுக்க எனக்கு மனம் வரவில்லை.

குட்டி ஏல வட்டத்துக்குள் வந்தது. வந்ததும் அண்ணனைப் பார்த்துக் கனைத்தது. கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. விலை ஏறியது. எதிர்த்த பக்கம் நின்றிருந்த ஒருவருக்கு முடிந்து, குட்டியை லொறிப் பக்கம் கொண்டுபோனார்கள். அப்போதுதான் கீழே பார்த்தேன். துண்டு எப்போதோ நழுவிச் சேற்றில் விழுந்து கிடந்தது. அண்ணனின் கைகள் மட்டும் கட்டினது கட்டினபடியே பின்னால் இருந்தன.

தேத்தண்ணி வந்தது. மூன்று சீனி போட்டு அவர் வாயில் பிடித்தேன். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

அண்ணன் இப்போதும் என் கடைப் பின்கட்டில் தங்கம்மாவோடுதான் இருக்கிறார். கூரைக்குத் தகரம் போட்டாயிற்று. இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். மணி அடித்தது என்று சேர்க்காதீர்கள், அடிக்கவில்லை என்றும் சேர்க்காதீர்கள். கை இரண்டும் சும்மா இருந்தும் என் கையால் தேத்தண்ணி குடித்தாரே, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.